தறித்தூணில் தொங்கிய மாலை

வெள்ளம் வடிந்து, ஜமுனா ஆறு தன் கரைக்குள் அடங்கி, நெல் அறுப்புக்கு ஆள் தேட ஆரம்பிக்கிற மாதத்தில் அந்த ஊரில் யார் கையைப் பார்த்தாலும் மஞ்சளாகத்தான் இருக்கும். அறுப்பு முடிந்தால் கல்யாணங்கள் வரும். கல்யாணத்துக்கு முந்தின நாள் பெண்ணுக்கு மஞ்சள் பூச வருகிற அத்தனை பேருக்கும் மஞ்சள் சேலை வேண்டும். வேறு நிறம் கேட்டு அந்த மாதத்தில் ஒரு வியாபாரியும் படகிலிருந்து கரையேற மாட்டான்.

கோஹினூர் சாயக் கொப்பரையோடு மாரடித்துக்கொண்டிருந்தாள். கொதிக்கிற சாயத்தில் கத்தையாகக் கட்டிய நூல் சிட்டத்தை மூங்கிலால் முக்கி, புரட்டி, தூக்கி, பிழிந்து, முற்றத்துக் கொடியில் போட வேண்டும். காலையிலிருந்து மத்தியானம் வரை இதே வேலை. கொடிகள் நிறைந்துவிட்டால் முற்றத்துக்குள் விழுகிற வெயிலே மஞ்சளாகிவிடும். அதற்குள் நடக்கிற வாத்து மஞ்சள், காயப்போட்ட அரிசி மஞ்சள், அவளுடைய ஒன்றரை வயது மகனின் வெறும் புட்டமும் மஞ்சள்.

கோஹினூரின் புருஷன் டாக்காவில் லாரி ஓட்டினான். இரண்டு பெருநாளுக்கும் வருவான், பழம் வாங்கி வருவான், போவான். வீட்டில் தறி போட்டது அவன் தம்பி ஆல்தாப். குழித்தறியில் இறங்கி உட்கார்ந்தால் இடுப்புக்கு மேலேதான் தெரிவான். அவன் பெண்டாட்டி மொனுவாரா தறிக்குப் பக்கத்திலேயே ராட்டையை வைத்துக்கொண்டு நெய்கிற நூலைக் குச்சியில் ஏற்றித் தார் சுற்றுவாள். மாமியார் ஜொய்குன் நெற்பொரியை ஊறவைத்து, சுண்ணாம்பு சேர்த்துப் பிசைந்து, நூலுக்குக் கஞ்சி போடுவாள். வாயும் கையும் ஒன்றுபோல ஓடும் அவளுக்கு.

மொனுவாரா ஆற்றுக்கு நடுவிலுள்ள மணல்தீவிலிருந்து போன வருஷம் வாழ்க்கைப்பட்டு வந்தவள். இப்போது எட்டாம் மாதம். பக்கத்து வீட்டு ஷிரினாவுக்கு ஆறாம் மாதம். தினமும் சாயங்காலம் இரண்டு பேரும் முற்றத்தில் நின்று வயிற்றோடு வயிறு சேர்த்து அளப்பார்கள்.

"உன்னது என்னடி, பூசணிக்காய் மாதிரி அகலமா இருக்கு? பொண்ணுதான்," என்பாள் ஷிரினா.

"உன்னதுல ஒண்ணுமே இல்ல. சோத்தைத் தின்னுட்டு வயித்தைத் தள்ளிக்கிட்டு நடிக்கிறே."

"நூல் சிக்கிக்கிட்டு கெடக்கு, இங்க வயிறு அளக்குறாளுங்க," என்று ஜொய்குன் உள்ளேயிருந்து கத்துவாள். கத்திவிட்டு இரண்டு பேருக்கும் வெல்லம் போட்ட பொரி கொண்டுவந்து கொடுப்பாள்.

ஒரு நாள் மொனுவாரா சாப்பாட்டுத் தட்டைத் தள்ளி வைத்தாள். மீன் வாடை குமட்டுகிறது என்றாள்.

"ரெண்டாம் மாசத்துல வர வேண்டிய மசக்கை எட்டாம் மாசத்துலயா வரும்? உங்க தீவுல மாசக் கணக்கும் தண்ணியில அடிச்சிக்கிட்டுப் போயிடுச்சா?" என்றாள் ஜொய்குன்.

மொனுவாரா சிரித்தாள். வழக்கமாகப் பதிலுக்குப் பதில் கொடுப்பவள், அன்று வெறுமனே சிரித்தாள். அப்புறம் கோஹினூர் கொப்பரைக்கடியில் விறகு தள்ளும்போது பக்கத்தில் வந்து குந்தினாள். அக்கா முறைக்கு அவளைப் பூபு என்றுதான் கூப்பிடுவாள்.

"பூபு, ஒண்ணு சொல்லணும். சிரிக்கக் கூடாது."

"சொல்லு."

"ஒண்ணுக்குப் போனா கடுகெண்ணெய் மாதிரிப் போகுது. அதைவிடக் கறுப்பா."

"வெயில்ல உக்காந்து தார் சுத்துறே, தண்ணி குடிக்க மாட்டேங்குறே. வேற எப்படிப் போகும்? பன்னீர் மாதிரியா போகும்?"

சிரிக்கக் கூடாது என்றவளே சிரித்துவிட்டு எழுந்து போனாள். கோஹினூர் சிட்டத்தைப் புரட்டினாள்.

வியாபாரி வந்து காய்ந்த நூலையும் நெய்த சேலைகளையும் அள்ளிக்கொண்டு போன அன்று முற்றம் வெறிச்சென்று ஆனது. ரொம்ப நாளைக்குப் பிறகு வானத்து வெளிச்சம் நேராகத் தரையில் விழுந்தது. மொனுவாரா கொடி மூங்கிலைத் துடைத்துக்கொண்டு மேலே பார்த்தாள். கோஹினூர் அவள் கண்ணைப் பார்த்தாள்.

"இங்க வா. சேலையால கண்ணைத் தொடைச்சியா? சாயம் பட்டுச்சா?"

"இல்லையே."

கோஹினூர் தன் மஞ்சள் விரலால் அவளுடைய கீழ் இமையை இழுத்துப் பார்த்தாள். கண்ணின் வெள்ளை எங்கும் இல்லை. எத்தனை நாளாக அப்படி இருந்ததோ. மஞ்சளுக்குள் உட்கார்ந்து மஞ்சளை யார் பார்ப்பது?

ஆல்தாப் தறியைவிட்டு எழாமலே சொன்னான், "காமாலைதானே? எனக்கு வந்தது இவளுக்கும் வந்திருக்கு. மொஹிர் வைத்தியர்கிட்ட மாலை வாங்கினாப் போச்சு."

அவன் சொன்னதில் ஞாயம் இருந்தது. வெள்ளத்தில் குழாய்க்கிணறு முங்கிக் கிடந்து மேலே வந்த பிறகு அவனுக்குக் காமாலை கண்டது. ஊரில் இன்னும் பலருக்கும் கண்டது. மொஹிர் வைத்தியர் ஏதோ செடியின் பச்சைத் தண்டைத் துண்டு துண்டாக நறுக்கி, நூலில் முடிந்து மாலையாக்கிக் கொடுத்தார். முதல் நாள் அது தலையில் கிரீடம் மாதிரி இறுக்கமாக உட்கார்ந்தது. நாளாக ஆகத் தானே நீண்டது. நெற்றியைத் தாண்டிக் கழுத்துக்கு வந்தது, நெஞ்சுக்கு இறங்கியது, தொப்புளைத் தொட்டது. மாலை இறங்க இறங்க நோயும் இறங்கும் என்பது கணக்கு. தொப்புளைத் தொட்ட அன்று ஆல்தாப் எழுந்து மாலையை ஆற்றில் விட்டுவிட்டு, வரும் வழியில் ஒரு ஹில்சா மீன் வாங்கி வந்து முழுசாகத் தின்றான். கண் முன்னால் நடந்ததை எப்படி நம்பாமல் இருப்பது?

மொஹிர் வைத்தியர் நல்ல மனிதர். காசு வாங்க மாட்டார். மாலை கட்டுவதற்கு ஒரு சிட்டம் நூல் கொடுத்தால் போதும். ஆல்தாப் மஞ்சள் சிட்டம் ஒன்று எடுத்துக் கொடுத்தான். அவர் மொனுவாராவின் வயிற்றைப் பார்த்துவிட்டு இரண்டு மாலை கட்டினார்.

"இது அம்மாவுக்கு. இந்தச் சின்னது உள்ள இருக்கிற பிள்ளைக்கு. பிள்ளை வெளிய வர்ற வரைக்கும் வீட்டுத் தூண்ல மாட்டி வைங்க. மஞ்சள், எண்ணெய், மீன் எதுவும் ஆகாது. கரும்புச் சாறு குடிக்கட்டும்."

அந்த வீட்டில் தறியைத் தாங்கி நிற்கிற தூண்தான் பெரிய தூண். ஜொய்குன் அதில் ஓர் ஆணியடித்து, பிஸ்மில்லா சொல்லி, பிள்ளையின் மாலையை மாட்டினாள்.

அதற்கப்புறம் வீட்டில் யாரும் மொனுவாராவின் முகத்தைப் பார்க்கவில்லை, மாலையைத்தான் பார்த்தார்கள். ஜொய்குன் தினமும் காலையில் கரும்பைச் சீவி, அம்மியில் நசுக்கி, துணியில் பிழிந்து ஒரு செம்பு சாறு எடுப்பாள். பக்கத்தில் உட்கார்ந்து குடிக்க வைப்பாள். "கழுத்துக்கு வந்துடுச்சு பாரு. இன்னும் கொஞ்சம்தான். நெஞ்சுக்கு வரட்டும், உனக்கு நானே கோழி அடிக்கிறேன்." ஷிரினா வந்து, "எனக்கும் ஒண்ணு கட்டித் தரச் சொல்லுங்க அம்மா, அழகா இருக்கு, நகை போட்ட மாதிரி," என்றாள்.

தூணில் இருந்த சின்ன மாலையும் இறங்கியது. "பிள்ளைக்கும் குணமாகுது, பாத்தீங்களா?" என்று ஜொய்குன் வருகிறவர்களுக்கெல்லாம் காட்டினாள்.

மாலை நெஞ்சுக்கு வந்தபோது மொனுவாரா பகலெல்லாம் தூங்க ஆரம்பித்தாள். ராட்டைக்கு முன்னால் உட்கார்ந்தபடியே தலை தொங்கும். உலுக்கினால் கண்ணைத் திறந்து, "சுத்திக்கிட்டுத்தான் இருக்கேன்," என்பாள். ராட்டை நின்றிருக்கும்.

"நோய் இறங்குற அலுப்பு. தூங்கட்டும். எனக்கும் அப்படித்தான் இருந்துச்சு," என்றான் ஆல்தாப்.

அடுத்த நாள் அவன் நெய்துகொண்டிருந்த மஞ்சள் சேலையின் நடுவில் திடீரென்று சிவப்பு ஓடியது. தாரில் மஞ்சள் நூலோடு போன மாதத்துச் சிவப்பை முடிந்து வைத்திருந்தாள் மொனுவாரா. கோஹினூர் கூடையைக் கொட்டிப் பார்த்தாள். ஒரு தாரும் உருப்படியாக இல்லை. மஞ்சளோடு சிவப்பு, சிவப்போடு சாயம் போடாத வெள்ளை, சிலதில் நூலோடு தேங்காய்நார்.

"கண்ணு தெரியலையா உனக்கு? உக்காந்து தின்னுற சோத்துக்கு இந்த ஒரு வேலையாவது ஒழுங்காச் செய்யக் கூடாதா? ஒரு சேலை பாழ்!"

மொனுவாரா அவளையே பார்த்துக்கொண்டிருந்தாள். கோபப்படவில்லை, அழவுமில்லை. மெதுவாகச் சொன்னாள், "அம்மா, படகு வந்துடுச்சு. ஏறலாமா?"

அவளுடைய அம்மா மணல்தீவிலேயே செத்துப்போய் நாலு வருஷமாகிறது. கோஹினூரின் கையிலிருந்த தார் கீழே விழுந்தது.

"மொனு, நான் யாரு?"

மொனுவாரா ரொம்ப நேரம் யோசித்தாள். பிறகு வெட்கப்பட்டவள்போலச் சிரித்தாள். பல்லின் ஓரங்களில் ரத்தம் கசிந்திருந்தது.

கோஹினூர் எழுந்தாள். எழுந்த வேகத்தில் தூணில் தோள் இடித்தது. பிள்ளையின் மாலை அவள் காதை உரசியது. முதல் நாள் ஆணியோடு ஆணியாக ஒட்டிக் கிடந்த மாலை அது. இப்போது தறியின் குறுக்குச் சட்டம் வரைக்கும் தொங்கிற்று. அவள் அதைக் கையில் ஏந்திப் பார்த்தாள். பச்சைத் தண்டுகள் காய்ந்து சுருங்கி, ஈர்க்குச்சிபோல ஆகியிருந்தன. ஒவ்வொரு தண்டைச் சுற்றியும் சுருக்கு முடிச்சு. தண்டு மெலிந்த அளவுக்குச் சுருக்கு தளர்ந்து, உள்ளே சுருட்டியிருந்த நூல் வெளியே நழுவியிருந்தது. அவள் பிறந்ததிலிருந்து நூலில் விரல் வைத்துப் பிழைக்கிறவள். ஈரநூல் காய்ந்தால் எந்த முடிச்சு இறுகும், எது நழுவும் என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்வாள். 

"ஆல்தாப், குழியிலருந்து ஏறி வா."

"என்ன பாபி?"

"ஏறி வாடா!"

அவனுக்குப் பாபியாக, அண்ணியாக வந்த நாளிலிருந்து அவள் அவனை வாடா என்றதில்லை. அவன் ஏறி வந்தான். ஜொய்குனும் கஞ்சிக் கையோடு வந்தாள்.

"இவளை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகணும். இப்பவே."

"மாலை நெஞ்சுக்கு வந்துடுச்சுடி. இறங்குற நேரத்துல கழட்டினா நோய் திரும்ப ஏறும். அங்க போனா வயித்தைக் கிழிப்பாங்க," என்றாள் ஜொய்குன்.

"எனக்கு வந்து போகலையா பாபி? நான் செத்தா போயிட்டேன்?"

"உன் வயித்துல என்ன இருந்துச்சு? பழைய சோறும் திமிரும்தான் இருந்துச்சு. இவ வயித்துல உன் பிள்ளை இருக்கு. இந்த மாலையைப் பாரு."

"பிள்ளைக்கும் இறங்குது. நல்லதுதானே?"

"யாருக்கு இறங்குது? ஆணிக்குப் பின்னால இருக்கிறது தூணு. தூணுக்கா காமாலை?"

ஜொய்குன் தூணைத் திரும்பிப் பார்த்தாள். 

"நெசவுக்காரன்தானே நீ. முடிச்சைப் பாரு," என்றாள் கோஹினூர்.

ஆல்தாப் மாலையை வெளிச்சத்துக்குத் திருப்பினான். அவர்கள் வீட்டு மஞ்சள் நூல்தான் அது. ஒரு சுருக்கை நகத்தால் லேசாக இழுத்தான். விரல்நீளத்துக்கு நழுவி இறங்கியது. இன்னொன்றை இழுத்தான். அதுவும் இறங்கியது.  மாலையை மெதுவாக, சுவரில் தூங்குகிற பல்லியை எழுப்பக் கூடாது என்பதுபோல, ஆணியிலேயே விட்டுவிட்டு வண்டி பார்க்க ஓடினான்.

மூன்று சக்கர சைக்கிள் வண்டியின் பலகையில் மெத்தையைப் போட்டு மொனுவாராவைப் படுக்க வைத்தார்கள். கோஹினூர் மகனை இடுப்பில் இடுக்கிக்கொண்டு ஏறினாள். ஆல்தாப் பின்னாலிருந்து தள்ளினான். வெள்ளம் அரித்த சாலை. ஒவ்வொரு பள்ளத்திலும் மொனுவாராவின் தலை அவள் மடியில் அசைந்தது. இரண்டு பக்கமும் நெல் பழுத்துக் கிடந்தது. "எவ்வளவு மஞ்சள் பூபு," என்றாள் மொனுவாரா. வழியில் அவளாகப் பேசியது அது ஒன்றுதான். அடையாளம் தெரிந்து பூபு என்றாளே என்று கோஹினூருக்கு உயிர் வந்தது.

தாலுகா ஆஸ்பத்திரியில் இருந்தது ஒரு சின்னப் பெண் டாக்டர். மொனுவாராவை உட்கார வைத்து, "ரெண்டு கையையும் முன்னால நீட்டுங்க. ரிக்‌ஷாவை நிறுத்துற மாதிரி," என்றாள். மொனுவாரா நீட்டினாள். நீட்டிய கைகள் நிற்கவில்லை. மணிக்கட்டிலிருந்து விட்டுவிட்டு மடங்கின, களைத்துப்போன பறவை இறக்கையை அடிப்பதுபோல. டாக்டரின் முகம் மாறியது. கோஹினூர் அதைப் பார்த்தாள்.

ரத்தம் எடுத்த இடத்தில் பஞ்சு வைத்து அழுத்தினார்கள். பஞ்சு நனைந்தது. வேறு பஞ்சு வைத்தார்கள். அதுவும் நனைந்தது. குளுக்கோஸ் ஏற்றினார்கள், ரத்தம் உறைவதற்கு ஊசி போட்டார்கள், வயிறு சுத்தமாகிற மருந்து கொடுத்தார்கள்.

"தூக்கம் எத்தனை நாளா?" என்று டாக்டர் கேட்டாள்.

"நாலஞ்சு நாளா. அலுப்புன்னு நெனச்சோம்," என்றான் ஆல்தாப். "எனக்கும் இதேதான் வந்துச்சு டாக்டர். தானாப் போயிடுச்சு."

"உங்களுக்குப் போகும். முக்கால்வாசிப் பேருக்குப் போயிடும். பிள்ளை முதிர்ந்த வயித்துக்காரிக்கு அப்படிப் போகும்னு விட்டுட முடியாது. இதே தண்ணி, இதே கிருமி, ஆனா இவங்களுக்கு ஈரலையே அடிச்சிடும். தண்ணியால வராம, கர்ப்பத்தாலேயே ஈரல் கெடுறதும் உண்டு. எதுவா இருந்தாலும் கடைசி மாசங்கள்ல கண்ணு மஞ்சளா தெரிஞ்சா அன்னைக்கே வரணும். தூங்கி வழியறது அலுப்பு இல்லைங்க. ஈரல் கழிக்க வேண்டிய விஷம் மூளைக்கு ஏறுது. ஈரல் கெட்டா ரத்தமும் உறையாது." அவள் எழுதிக்கொண்டே பேசினாள், நிமிரவில்லை. "நகரத்துப் பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்புறேன். ரத்தம் கொடுக்க ஆள் சேருங்க."

"பொழைச்சிடுவாளா?" என்றாள் கோஹினூர்.

டாக்டர் அப்போது நிமிர்ந்தாள். "சீக்கிரம் போங்க," என்றாள்.

பெரிய ஆஸ்பத்திரியில் ஆல்தாபும், ஊரிலிருந்து வந்த மூன்று நெசவாளிகளும் ரத்தம் கொடுத்தார்கள். மஞ்சள் கையை நீட்டிப் படுத்தவர்களைப் பார்த்து நர்ஸ் பயந்துபோய், "எல்லாருக்குமே காமாலையா?" என்று கேட்டாள். ஒருவன் சிரித்துவிட்டான். சிரித்ததற்கு உடனே தலையைக் குனிந்துகொண்டான். ஆல்தாபுக்கு அண்மையில் காமாலை வந்ததைக் கேட்டதும் அவன் கொடுத்ததை மட்டும் வேண்டாம் என்று ஒதுக்கிவிட்டார்கள். அவன் அந்தப் பையைப் பார்த்துக்கொண்டே நடையில் நின்றான்.

மறுநாள் விடிந்து வெயில் ஏறியபோது வலி தானாகவே வந்தது. மொனுவாரா கத்தவில்லை. கூப்பிட்டதற்கும் பதில் இல்லை. உடம்பு மட்டும் தன் வேலையைத் தானே செய்தது. பெண்பிள்ளை, ஒரு புறா அளவுக்கு, அழுதுகொண்டே பிறந்தது. அதற்குப் பின்னால் ரத்தம் நிற்கவில்லை. பையாகப் பையாக ஏற்றினார்கள், மருந்து போட்டார்கள், கதவைச் சாத்தினார்கள். நண்பகல் தொழுகைக்கு அழைக்கும்போது கதவைத் திறந்தார்கள்.

நர்ஸ் பிள்ளையைத் துணியில் சுற்றிக் கோஹினூரிடம் கொடுத்தாள். அவளுக்கு என்ன செய்வதென்று தெரியவில்லை. மகன் இன்னும் பால் மறக்காததால் மார்பில் பால் கட்டியிருந்தது. சுவரைப் பார்த்துத் திரும்பி உட்கார்ந்து பிள்ளையைச் சேர்த்துக்கொண்டாள். அவள் மகன் பொறாமையில் அவள் முழங்காலைக் கடித்தான்.

பிள்ளைக்கு எடை ஏறும்வரை கோஹினூர் ஆஸ்பத்திரியிலேயே இருந்தாள். அடக்கத்துக்குக்கூட அவளால் போக முடியவில்லை. அவள் ஊர் திரும்பியபோது வியாபாரி புதிதாக நூல் இறக்கியிருந்தான். யாரோ பக்கத்து வீட்டுக்காரர்கள் சாயம் போட்டுக் கொடுத்திருந்தார்கள். முற்றம் முழுக்க மஞ்சள் தொங்கியது.

பிள்ளையைப் பார்க்கப் பெண்கள் வந்தார்கள். ஷிரினாவும் வந்தாள். வயிறு பெரிதாகியிருந்தது. ஆல்தாப் தறிக்குழியின் விளிம்பில் காலைத் தொங்கவிட்டு உட்கார்ந்திருந்தான். மொனுவாராவைப் புதைத்துவிட்டு வந்ததிலிருந்து அவன் வாயே திறக்கவில்லையாம். சிவப்பு ஓடிய சேலை இன்னும் தறியிலேயே இருந்தது. அவன் அதை வெட்டவும் இல்லை, மேலே நெய்யவும் இல்லை.

ஜொய்குன் பிள்ளையை வாங்கி மடியில் போட்டுக்கொண்டாள். அந்தச் சில நாட்களில் அவள் உடம்பு பாதியாகியிருந்தது. தூணடியில் குனிந்து எதையோ பார்த்தாள். பிள்ளையின் மாலை முழு நீளமும் இறங்கி, நுனி தரையில் கிடந்தது. அவள் அந்த நுனியை எடுத்தாள்.

"பாத்தீங்களா? தரையைத் தொட்டுடுச்சு. பிள்ளைக்குக் கட்டினது பலிச்சிடுச்சு. அவளுக்குக் கட்டினதைத்தான் பாதியில கழட்டிட்டாங்க ஆஸ்பத்திரியில. இல்லாட்டி அவளும்..."

 கோஹினூர் கிழவியின் முகத்தைப் பார்த்தாள். தினமும் கரும்பு நசுக்கிய கை அது. அந்த நூலையும் பிடுங்கிவிட்டால் அவளுக்குப் பிடித்துக்கொள்ள வேறு என்ன இருக்கிறது? இருக்கட்டும் என்று விட்டுவிடத்தான் நினைத்தாள்.

"அம்மா, அதை எனக்குத் தாங்களேன்," என்றாள் ஷிரினா, தன் வயிற்றைத் தடவிக்கொண்டு. "எதுக்கும் இருக்கட்டும்."

"அது பிள்ளைக்குக் கட்டினது இல்ல," என்றான் ஆல்தாப்.

எல்லோரும் திரும்பினார்கள். அவன் தறியைப் பார்த்தபடியே சொன்னான், "தூணுக்குக் கட்டினது. தூணுக்குக் குணமாயிடுச்சு."

ஜொய்குன் நுனியை விட்டாள். அது சத்தமில்லாமல் தரையில் விழுந்தது. அவள் பிள்ளையின்மேல் கவிழ்ந்துகொண்டாள்.

கோஹினூர் எழுந்து ஷிரினாவின் மணிக்கட்டைப் பிடித்தாள். "வா என்கூட."

"எங்க பூபு?"

"வாடி."

தொங்குகிற சிட்டங்களை ஒதுக்கிக்கொண்டு, முற்றத்தைத் தாண்டி, வாத்துக்குட்டையைத் தாண்டி, ஒரு மஞ்சள் நூலின் நிழல்கூட விழாத ஆற்றுக்கரைக்கு அவளை இழுத்துக்கொண்டு போனாள். சூரியன் பக்கம் திருப்பி நிறுத்தினாள். "மேல பாரு."

"என்ன பூபு, கண்ணு கூசுது."

"மேல பாருன்னு சொல்றேன்."

கட்டைவிரலால் கீழ் இமையை இழுத்தாள். ஒரு கண். பிறகு இன்னொரு கண். எதிரே ஜமுனா அகலமாகக் கிடந்தது. நடுவில் மணல்தீவு, அதில் ஒரு படகு. ஷிரினாவின் கண் வெள்ளையாக இருந்தது. ஓரத்தில் இரண்டு சிவப்பு நரம்பு, மற்றதெல்லாம் வெள்ளை, கொப்பரையில் இறக்காத நூல் மாதிரி.

ஆஸ்பத்திரியிலும் அழாமல், வரும் வழியிலும் அழாமல் இருந்த கோஹினூருக்கு அப்போதுதான் அழுகை வந்தது. ஷிரினாவின் முகத்தை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டே அழுதாள். விரல்களில் இன்னும் போகாதிருந்த மஞ்சள் கன்னத்தில் ஒட்டிவிடப் போகிறதே என்று பயந்து, விரல்களை மட்டும் தூக்கி வைத்துக்கொண்டு அழுதாள்.